வருத்தத்துடன், ரெனிட்டா

சாரி என்ற வார்த்தைக்கு எங்கள் செக்‌ஷனில் இடம் கிடையாது. முப்பத்தொரு வருஷமாகக் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அப்போதிருந்த சூப்பரின்டெண்ட் சொல்லிவிட்டார், சாரி என்று எழுதினால் தப்பு நம்முடையது என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி, கோர்ட்டில் அந்த ஒரு சொல்லைத் தூக்கிக் காட்டுவான், அதனால் வருத்தப்படு, ஒப்புக்கொள்ளாதே. வருத்தப்படத்தான் இங்கிலீஷில் எத்தனை சொல் இருக்கிறது. அன்ஃபார்ச்சுனேட்லி என்றால் எல்லாம் விதி, யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. சாட்லி என்பதைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, யாராவது இறந்திருக்க வேண்டும். ரிக்ரெட்டபிளி என்று ஆரம்பித்தால் வருத்தம் மட்டும் இருக்கும், வருத்தப்படுகிறவர் இருக்க மாட்டார், கழுவுற மீனில் நழுவுற மீன் அது, எங்கள் செக்‌ஷனுக்கு ரொம்பப் பிடித்தது. ரிக்ரெட்ஃபுல்லி என்றால் மட்டும் வருத்தப்பட ஓர் ஆள் வேண்டும். அதனால் அதை அதிகம் தொடுவதில்லை. எதைப் போட்டாலும் வாக்கியத்தின் முதலில் போட்டு ஒரு கமா வைக்க வேண்டும், கீழே விழப்போகும் அடிக்கு முன்னால் படிக்கிறவன் ஒரு மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்று. மருத்துவச் செலவுக்கு இன்ஷூரன்ஸ் கேட்டு எழுதுகிறவர்களுக்கு இல்லை என்று பதில் எழுதுவதுதான் என் வேலை. கிடைக்கும் என்று எழுத வேறு செக்‌ஷன் இருக்கிறது, அவர்களுக்கு இவ்வளவு இங்கிலீஷ் தேவையில்லை. திருச்சி கன்டோன்மென்டில் இந்த இரண்டாம் மாடியில், இதே ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை ஆயிரம் பேருக்கு இல்லை என்று எழுதியிருப்பேன். ஜெயசீலி மேடம் எழுதினால் திட்டு வாங்கின மாதிரியே இருக்காது என்பார்கள். கெட்டிக்காரத்தனம்தான். வருகிற முப்பத்தொன்றாம் தேதியோடு முடிகிறது.

இப்போது மணி இரண்டு நாற்பது. திரையில் ஒரு பக்கம் பெரம்பலூர்க்காரர் ஒருவருக்கு எழுத வேண்டிய கடிதம், மறுபக்கம் என் மகள் ரெனிட்டா மத்தியானம் அனுப்பிய மெயில். பெரம்பலூர்க்காரருடையதைப் பாதியில் விட்டுவிட்டேன். ரெனியுடையது இரண்டே வரி, இங்கிலீஷில். இதை எழுதியது யார்? நான்கு மணிக்கு உன் வீட்டுச் சாமானை ஏற்றும் பேக்கர்ஸ் ஆளுக்கு உறுதி சொல்ல வேண்டும், அதற்கு முன் பதில் வேண்டும். அதற்குக் கீழே, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு கடிதத்தை அப்படியே இணைத்திருக்கிறாள். அகமதாபாத்தில் இருக்கும் டிசைன் கல்லூரிக்கு, பதினேழு வயது ரெனிட்டா லூர்து, எனக்கு இடம் கொடுத்ததற்கு மிக்க நன்றி, ரிக்ரெட்ஃபுல்லி, குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் இதை ஏற்க இயலவில்லை என்று எழுதிய கடிதம். என்ன அழகான கடிதம். ஐந்தே வாக்கியம், ஓர் எழுத்துப் பிசகில்லை, பதினேழு வயதுப் பெண் எழுத முடியாத கடிதம். வருத்தத்துடன் ரெனிட்டா என்று கையெழுத்து. அதை அவள் எழுதவில்லை. இதே நாற்காலியில், சாப்பாட்டு வேளையில், டிபன் பாக்ஸை இன்னும் திறக்காமல் நான் எழுதினேன்.

யார் எழுதியது என்று கேட்கிறாள். யார் எழுதியிருப்பார்கள், அவளுக்குத் தெரியாதா, வீட்டில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதானே. தெரிந்துகொண்டே கேட்பது கேள்வியா, சோதனையா. நான் என்றால் என்ன ஆகும். இல்லை என்றால் என்ன ஆகும். பெங்களூரில் அவள் வீட்டில் எனக்கென்று ஓர் அறை ஒழித்து, ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டு, போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காட்டினாள். பச்சைத் திரை. அம்மா இங்க வெயில் வராது, உன் மூட்டுவலிக்குக் கொஞ்சம் குளுரும், பரவாயில்லையா என்றாள். நான் இங்கே பொன்மலைப்பட்டி வீட்டைக் காலி செய்வதாக ஓனரிடம் சொல்லியாகிவிட்டது, வேறொரு குடும்பம் முதல் தேதி பால் காய்ச்சப் போகிறது. பீரோவுக்கு மட்டும் அங்கே இடமில்லை என்று என் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். துணிகள் எல்லாம் பெட்டிக்குள். அவள் வேண்டாம் என்று சொன்னால் முதல் தேதி காலையில் நான் எந்த வாசலில் நிற்பது. ஐம்பத்தெட்டு வயதில் ஹாஸ்டல் தேடுவதா. கன்னியர் மடத்தில் வயதானவர்களுக்கு இடம் உண்டு, அதற்கும் விண்ணப்பம் எழுத வேண்டும், அவர்களும் ரிக்ரெட்டபிளி என்று எழுதுவார்கள், கமாவை விட்டுவிட்டு.

அந்தக் கடிதத்தை அன்றைக்கே அழித்திருக்கலாம். அவள் பெயரில் மெயில் கணக்கு திறந்து கொடுத்ததே நான்தான், விண்ணப்பத்தை டைப் அடித்ததும் நான்தான், இடம் கிடைத்திருக்கிறது என்ற பதிலை முதலில் பார்த்ததும் நான்தான். வந்த பதிலை அழித்தேன். அனுப்பியதை அழிக்கவில்லை. மறந்து போய் இல்லை. கர்சரைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நன்றாக நினைவிருக்கிறது, கை வரவில்லை. ஆபீஸ் காப்பி இல்லாத கடிதம் கடிதமே இல்லை என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். கொலை செய்துவிட்டு ரசீது வாங்கி வைத்துக்கொள்கிற புத்தி. அவள் பிளஸ் டூ முடிந்ததும் வேறு மெயில் வைத்துக்கொண்டாள், பழையது எங்கேயோ கிடந்து மக்கிப் போயிருக்கும் என்று நினைத்தேன். மெயில் மக்காது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கிடைக்கலம்மா, இந்தியா பூரா போட்டி, நம்மள மாதிரி ஆளுங்களுக்குக் கஷ்டம்தான் என்றேன். அவள் அழவில்லை. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். நான் வெளியே நின்று, தண்ணி வீணாகுது ரெனி என்று சொன்னேன். அதைத்தான் சொன்னேன். அப்புறம் பி.காம்., அப்புறம் பேங்க், அப்புறம் கல்யாணம். பேங்கில் வவுச்சர் ஓரத்தில் கொடி கொடியாக வரைவாள் என்று அவள் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

ஏன் எழுதினேன். பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பப் பயம், பாஷை தெரியாத ஊர், அதெல்லாம் மற்றவர்களிடம் சொல்ல வைத்திருந்த காரணங்கள், யாரும் கேட்கவே இல்லை. உண்மை வேறு. என் வீட்டுக்காரர் லூர்து என்னோடு பேசி அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த மனுஷன், கையில் எண்ணெய்க் கறை போகவே போகாது. போர்மன் வேலைக்கு இங்கிலீஷில் ஒரு விண்ணப்பம் எழுதினார். ராத்திரி இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியிருப்பார் போலிருக்கிறது. அதை மேஜை மேல் வைத்திருந்தார், ஒருவேளை நான் பார்க்கட்டும் என்றே வைத்தாரோ என்னவோ. நான் பார்த்தேன். ஆபீஸ் பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்து ஏழு இடத்தில் கோடு போட்டு, ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, அங்கேயே வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போய்விட்டேன். அவரைப் பார்க்க வந்த சிநேகிதர் ஒருத்தர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, என்னப்பா வீட்டுலயே இன்ஸ்பெக்‌ஷனா என்று கேட்டாராம். அவ்வளவுதான். அந்த விண்ணப்பத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், கொடுக்கவில்லை, போர்மன் ஆகவில்லை, என்னிடம் பேசவும் இல்லை. ஒரு வார்த்தை, தப்பு என்னுதுதான் என்று நான் சொல்லியிருந்தால் சரியாகியிருக்குமா. சொல்லவில்லை. திருத்தியது சரிதானே, ஏழும் தப்புதானே என்று இருந்தேன். ஏழும் தப்புதான், இன்றைக்குக் கொண்டுவந்து காட்டினாலும் ஏழும் தப்புதான்.

ரெனிக்கு அப்போது ஆறு வயது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சொல் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போக வேண்டுமென்றால் அவள் வாய் வழியாகத்தான் போகும். அந்த ஆளுக்குச் சோறு வேணுமா வேணாமான்னு கேளு என்று நான் சொல்வேன். அவள் அந்த அறைக்குப் போய், அப்பா, அம்மா உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க, சாப்பிட வாங்க என்பாள். எனக்குக் கேட்கும், சுவர்தானே. நான் அப்படிச் சொல்லவில்லையே என்று பல்லைக் கடிப்பேன். அவர் என்ன சொல்வாரோ, அவள் திரும்பி வந்து, அப்பா இப்ப வர்றாங்களாம், நீங்க சாப்பிடுங்கன்னு சொன்னாங்க என்பாள். அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அன்றைக்குக் குழம்பு கொஞ்சம் ருசியாக இருக்கும். ஆறு வயதில் ஆரம்பித்தவள். முப்பத்தொரு வருஷ சர்வீஸில் என்னால் எழுத முடியாத கடிதங்களை அந்தப் பெண் யூனிஃபார்ம் பாவாடையோடு இரண்டு அறைக்கும் நடுவில் நடந்து நடந்து எழுதினாள். அவள் அகமதாபாத்துக்குப் போய்விட்டால் யார் நடப்பது. அதுதான். அந்தச் சாப்பாட்டு வேளையில் எனக்கு வந்த பயம் அது ஒன்றுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு நானும் அவரும், இடையில் ஒரு சுவரும். அந்த வீட்டின் சத்தத்தை நினைத்துப் பார்த்தேன், ஃபேன் சத்தம் மட்டும். கல்யாணமாகி எப்படியும் ஒரு நாள் போனாள். போன பிறகு மூன்று வருஷம் அவர் டம்ளரை இரண்டு தட்டு தட்டுவார், காபி என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் தண்ணீர். அப்படியே செத்தும் போனார். அவர் செத்ததற்கு சாட்லி போடலாம், விதிப்படி போடலாம்.

மூன்று மணி. மூன்று அடித்தால் இயேசு உயிர் விட்ட நேரம் என்று அம்மா சிலுவை போடுவாள், நானும் போட்டுக்கொண்டேன், பழக்கம். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன், சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கடுத்த தவக்காலத்தில், வரிசையில் நின்று, கம்பி வலைக்குப் பின்னால் சாமியாரின் காது மட்டும் தெரிய, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி இல்லாததைப் பேசினேன் சாமி, ஒரு கடிதத்தை மாத்தி எழுதிட்டேன் சாமி, வெள்ளிக்கிழமை கறி ஆகாதுங்கிறத மறந்துபோய் மீன்குழம்பு வைக்கிற சட்டியில கறி வச்சுட்டேன் சாமி என்று நடுவில் செருகிச் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவர் அசதியாக, ஆபீஸ் கடிதமாம்மா என்றார். ஆமா சாமி என்றேன். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். நான் ஐந்து சொன்னேன், இருக்கட்டும் என்று. ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் எல்லோரோடும் சேர்ந்து நெஞ்சில் தட்டி என் பாவமே என்று சொல்கிறேன், தமிழில், சத்தமாக, ஒரு தயக்கமும் இல்லாமல். முந்நூறு பேர் கூடச் சொன்னால் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். தனியாக ஒருத்தியிடம் சொல்ல வேண்டும் என்றால்தான் வாய் வரவில்லை. தமிழில் சொல்லிவிடலாமே என்றால் அதுவும் எங்களுக்குள் பழக்கமில்லை. எனக்கும் ரெனிக்கும் பேச்சுதான் தமிழ். எழுத்து என்றால் சின்ன வயதிலிருந்து இங்கிலீஷ்தான், அவளுக்கு இங்கிலீஷ் வர வேண்டும் என்று நான் வைத்த சட்டம். பிறந்தநாள் வாழ்த்து முதல் பருப்பு வாங்க வேண்டிய சீட்டு வரை இங்கிலீஷ். எனக்கு இருக்கும் இங்கிலீஷோ இந்த ஆபீஸ் கொடுத்தது. ஒப்புக்கொள்ளாத இங்கிலீஷ்.

மூன்று பத்துக்கு எழுத ஆரம்பித்தேன். அன்புள்ள ரெனி. அதற்கப்புறம் விரல் தானாக ரிக்ரெட்டபிளி என்று அடித்தது. அழித்தேன். அன்ஃபார்ச்சுனேட்லி, அந்தச் சமயத்தில் குடும்பத்தில் நிலவிய சூழ்நிலை. அழித்தேன். என்ன சூழ்நிலை, வெள்ளமா வந்தது. நீ இணைத்திருக்கும் கடிதம் தொடர்பாக. தொடர்பாகவா. பெற்ற பெண்ணுக்கு எழுதுகிறேனா பெரம்பலூர்க்காரருக்கு எழுதுகிறேனா. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே மூச்சில் அடித்தேன். அந்தக் கடிதத்தை நான் எழுதினேன். உனக்கு இடம் கிடைத்தது. கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். நீ போய்விட்டால் உன் அப்பாவோடு அந்த வீட்டில் தனியாக இருக்கப் பயந்தேன். சாரி. நான்கு வாக்கியமும் அந்தச் சொல்லும். பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தனையும் உண்மை. எவ்வளவு மோசமான இங்கிலீஷ். ஒன்றைத் தவிர எல்லா வாக்கியமும் ஐ, ஐ என்று ஆரம்பிக்கிறது, ஐந்தாம் வகுப்புக் கட்டுரை போல இருக்கிறது. அனுப்பு என்ற பொத்தானில் கை போனது. அப்போது மணி மூன்று இருபத்தைந்து, தைரியமும் இருந்தது, சத்தியமாக இருந்தது. அனுப்பவில்லை. ஏன் என்றால், சொன்னால் சிரிப்பார்கள், இன்னொருவர் படித்து இனிஷியல் போடாத கடிதம் எதையும் நான் முப்பத்தொரு வருஷத்தில் அனுப்பியதில்லை. எங்கள் செக்‌ஷனில் இல்லை என்று போகும் எந்தக் கடிதத்தையும் இரண்டாவது ஓர் ஆள் படித்தாக வேண்டும், அந்தச் சட்டத்தை இறுக்கிப் பிடித்தவளே நான்தான். ஒரே ஒரு கடிதம்தான் யாரும் படிக்காமல் போயிற்று. அது அகமதாபாத்துக்குப் போனது. அது போய் என்ன செய்தது என்று திரையில் இருக்கிறது.

முபீனாதான் இப்போது இரண்டாவது ஆள். பாலக்கரையிலிருந்து வருகிறாள், முப்பது வயதிருக்கும், படு சுத்தமான வேலைக்காரி, எனக்கப்புறம் இந்த நாற்காலி அவளுக்குத்தான். பெயரை எடுத்துவிட்டு, அப்பா வரும் இடத்தில் இன்னொரு நபர் என்று போட்டு, ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து அவளிடம் கொடுத்தேன். ஒரு பழைய கேஸும்மா, நம்ம பக்கத்துல ஒருத்தர் பார்ட்டிக்குத் தெரியாம அவங்க பேர்ல வேண்டாம்னு எழுதிட்டாங்க, இப்ப பார்ட்டி யார் எழுதினதுன்னு கேக்குறாங்க, பதில் இது, பாத்துக் குடு என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. அவள் படித்தாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எதைத் தேடினேன் என்று தெரியவில்லை, கோபம் வருமா என்றா. அவள் பேனாவைத் திறந்தாள்.

"யாரு மேடம் இதை டிராஃப்ட் பண்ணது? புதுசா வந்தவங்களா?"

"ஏன்?"

"எல்லாத்தையும் அப்படியே ஒத்துக்கிட்டாங்களே. நான் எழுதினேன், பொய் சொன்னேன்னு. சாரி வேற. நீங்க பாத்தா கிழிச்சுப் போட்டுருவீங்க."

"விவரம் உண்மைதானம்மா."

"உண்மைதான் மேடம், யாரு இல்லைங்கிறா. அதுக்காக நம்மளே எழுதிக் குடுக்கணுமா? ரிக்ரெட்டபிளின்னு ஆரம்பிச்சுக்கலாம். அந்த இடம் அப்போ ஏற்கப்படாமப் போயிருச்சு, அதனால உங்களுக்கு ஏற்பட்ட சிரமம் எங்களுக்குப் புரியுது, அவ்ளோதான். யாரு என்னன்னு வேண்டாம். இந்தத் தனியா இருக்கப் பயந்தேன்ங்கிறது என்ன மேடம், பாவம், இதையெல்லாமா ஒரு லெட்டர்ல எழுதுவாங்க?"

"கேட்டது யார்னுதானே."

"கேப்பாங்க மேடம். கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

நான்தான் சொல்லுவேன். இரண்டே நிமிஷத்தில் திருத்தி, ஓரத்தில் அழகாக எம் என்று இனிஷியல் போட்டுக் கொடுத்தாள். சிவப்பில். எண்ணிப் பார்த்தேன், எட்டு இடம். லூர்துக்கு ஏழு. ஒன்று கூடுதலாக வாங்கியிருக்கிறேன். அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அவர் மேல் ஒரு கோபம் வந்தது, ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே மனுஷன், மேஜையைத் தட்டி, போடி உன் இங்கிலீஷும் நீயும் என்று கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேரும் கத்திவிட்டுச் சாப்பிட்டிருப்போம், அந்தக் குழந்தை அறைக்கும் அறைக்கும் நடந்திருக்க வேண்டாம். இப்போது என்ன, அவர் கல்லறைக்குள் சௌகரியமாக இருக்கிறார், பதில் சொல்வது நான். அப்படியே கோபம் ரெனி பக்கம் திரும்பியது. மூன்று வாரம் இருக்கும்போது, வீட்டைக் காலி பண்ணச் சொன்ன பிறகா கேட்பது. முன்னாலேயே கேட்டிருக்கலாமே. பெற்றவளை நெருக்கிப் பிடித்துக் கேட்பது என்ன பழக்கம். அவளுக்கு என்ன குறை இப்போது, நல்ல புருஷன், நல்ல வேலை, அகமதாபாத்துக்குப் போயிருந்தால் என்ன கிழித்திருப்பாள், துணிக்கு டிசைன் போட்டிருப்பாள். இப்படியெல்லாம் நினைத்தேன். இப்படி நினைக்கிறவளுக்குத்தான் பச்சைத் திரை.

மூன்று நாற்பத்தைந்து. இரண்டு கடிதமும் திரையில் இருக்கின்றன. என்னுடையது, முபீனா திருத்தியதைப் பார்த்து அடித்தது. என்னுடையதைப் படித்தால் உடம்பெல்லாம் கூசுகிறது, பொது இடத்தில் முந்தானை சரிந்து நிற்கிற மாதிரி. முபீனாவினுடையது எவ்வளவு மரியாதையாக இருக்கிறது. அதில் யாரும் யாருக்கும் எதுவும் செய்யவில்லை. ஓர் இடம் இருந்தது, அது ஏற்கப்படாமல் போயிற்று, அது வருந்தத்தக்கது. படித்தால் ரெனிக்கே கொஞ்சம் ஆறுதலாக இருக்குமோ, அம்மா இவ்வளவு வருத்தப்படுகிறாள் என்று தோன்றாதா, இதற்கு மேல் என்ன வேண்டும் அவளுக்கு, என்னைக் காலில் விழச் சொல்கிறாளா. நேரில் போய், அந்த அறையில் உட்கார்ந்து, ஒரு நாள் சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். முதலில் போய்ச் சேர வேண்டும் அல்லவா. ஆமாம், நேரில்தான் சொல்ல வேண்டும், இதெல்லாம் எழுத்தில் சொல்கிற விஷயமா. இந்த எண்ணம் வந்ததும் மனசு லேசாகிவிட்டது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு முபீனா திருத்தியதை அனுப்பினேன். கீழே அன்புடன் அம்மா என்று போட்டேன். பிறகு பெரம்பலூர்க்காரர் கடிதத்தையும் முடித்தேன், நன்றாகவே வந்தது. தண்ணீர் குடித்தேன்.

நான்கு ஐந்துக்கு போன் அதிர்ந்தது. மெயில் இல்லை, வாட்ஸப். தமிழ். ரெனி எனக்கு எழுத்தில் தமிழ் அனுப்பியதே இல்லை, பேசுகிற தமிழை அப்படியே அடித்திருந்தாள், எங்கே கற்றுக்கொண்டாள் தெரியவில்லை.

"அம்மா. அந்த வாரமே காலேஜ்ல இருந்து வீட்டு லேண்ட்லைனுக்குப் போன் பண்ணாங்க. நீ ஆபீஸ்ல இருந்த. இவ்ளோ நல்ல போர்ட்ஃபோலியோ, ஏன் வேண்டாம்னு எழுதினேன்னு ஒரு மேடம் கேட்டாங்க. எனக்கு சீட் கிடைச்சதே அப்பத்தான் தெரியும். இது நிஜமாவே நீ எழுதினதான்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னா சீட்டத் திருப்பித் தர்றேன்னாங்க. அப்பா பக்கத்துலதான் பேப்பர் படிச்சிட்டு இருந்தாரு. இல்லன்னு சொன்னா யாரு எழுதினாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் அந்த வீட்டுல நீ எப்படி இருப்ப. ஆமா, நான்தான் எழுதினேன்னு சொன்னேன். போன வச்சுட்டேன். சாயங்காலம் நீ வந்து கிடைக்கலன்னு சொன்ன. சரிம்மான்னு சொன்னேன்."

அதற்குக் கீழே இன்னொன்று வந்தது.

"அந்த ஆமாவ நீ ஒரு தடவை உன் வாயால சொல்லிட்டு இந்த வீட்டுக்குள்ள வரணும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் கேக்கல. இன்ஷூரன்ஸ் லெட்டர் அனுப்பிருக்க. வேண்டாம்மா. நீ வராத."

அன்றைக்குப் பாத்ரூமில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று இத்தனை வருஷம் தெரிந்ததாக நினைத்திருந்தேன். கிடைக்காததற்கு அழுகிறாள் என்று. பதினேழு வயதில் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதும் தெரிந்திருந்தது, அடுத்த நாள் காலையில் இட்லிக்கு இன்னொரு கரண்டி சட்னி கேட்டாளே, அது தெரிந்துகொண்டே கேட்டது. அன்று ராத்திரியும் அந்த அறைக்குப் போய், அப்பா, அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க என்று சொன்னாள். பிறகு ஏழு வருஷம் சொன்னாள்.  முபீனா, இந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைம்மா என்று சொன்னேனா, நினைத்தேனா தெரியவில்லை. ரெனியைக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், கட் செய்தாள். என் டிராஃப்டைத் தேடினேன், அந்த நான்கு வாக்கியத்தை, அதை அப்படியே இப்போது அனுப்பினால் என்ன. இல்லை. மூன்று இருபத்தைந்துக்கு அனுப்பியிருந்தால் அது ஒரு கடிதம். இப்போது அனுப்பினால் வேறு ஏதோ. இருந்தாலும் ஆமா என்று அடிக்கலாம், ஒரே சொல்தானே, தமிழில் மூன்று எழுத்துகூட இல்லை. போனைக் கையில் எடுத்து அந்தச் சொல்லை அடிக்கத் தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அது மறுபடி அடித்தது. ரெனி என்று நினைத்து, பெயரைப் பார்க்காமல் எடுத்தேன்.

"வணக்கம்மா, பேக்கர்ஸ்ல இருந்து பேசுறேன். முப்பத்தொண்ணாந்தேதி லோடு பொன்மலைப்பட்டியில இருந்து பெங்களூரு, ஜெயசீலிங்கிற பேருல."

"சொல்லுங்க."

"இல்லம்மா, உங்க பொண்ணு இப்பத்தான் வேண்டாம்னு மெசேஜ் போட்டாங்க. புக்கிங் உங்க பேர்ல இருக்கிறதால உங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன். வண்டிய வேற பார்ட்டிக்கு விட்டுறலாங்களா? நீங்களும் சேந்து சொன்னதுதானம்மா?"

முபீனா தன் மேஜையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், பேப்பர் புரட்டிக்கொண்டு.

"ஆமா," என்றேன். "நான்தான் சொன்னேன்."